பழைய ஜீப்புகளை ஒன்றுகூட்டுவது எப்படி

கூடுகைக்கு நாள் குறிக்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: வரப்போகிற வண்டிகளில் மிகப் பழையது எது, மிக மெதுவானது எது? பாதை, வேகம், ஓய்வு, எரிபொருள், மீட்புச் சாமான் எல்லாவற்றையும் அந்த ஒரு வண்டியை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

1943ஆம் ஆண்டு வில்லிஸ் எம்பியில் (இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ஜீப்) இருப்பது 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் இஞ்சின். 1975க்குப் பிந்தைய டொயோட்டா எஃப்ஜே40இல் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர். நிசான் பேட்ரோல் 60இன் வழிவந்த இந்திய ராணுவ வண்டி ஜோங்காவிலும் ஏறக்குறைய 4 லிட்டர். மூன்றையும் ஒரே வரிசையில் விட்டுப் பெரியவற்றின் வேகத்துக்கு ஓட்டினால், சின்ன வண்டி நாள் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டே வரும். ஆக்சிலின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். எம்பியில் அதன் விகிதம் 4.88. 6.00-16 டயரோடு 60 கி.மீ. வேகத்தில் வண்டியின் இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,200 சுற்றில் ஓடும். வில்லிஸின் பொதுமக்கள் ஜீப்பான சிஜே-3பியின் விகிதம் 5.38, அதற்கு அதே வேகத்தில் 2,400 ஆகும். இரண்டையும் நாள் முழுக்கச் சங்கடமில்லாமல் ஓட்ட 50 முதல் 60 கி.மீ. வேகமே சரி. அதனால் கூடும் இடத்திலிருந்து பாதை தொடங்கும் இடம் வரை நெடுஞ்சாலைத் தூரம் குறைவாக இருக்கட்டும்.

பாதையைப் போய்ப் பார்ப்பது

கூடுகைக்கு ஒரு வாரத்துக்குள் பாதையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அதுவும் ஒரு பழைய வண்டியிலேயே. பவர் ஸ்டியரிங்கும் டிஃபரன்ஷியல் லாக்கும் உள்ள புது வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு "எளிதான பாதைதான்" என்று சொல்வதில் பயனில்லை. எம்பியின் முதல் கியர் 2.66, டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ 1.97. டிஃபரன்ஷியலையும் சேர்த்துப் பெருக்கினால் மொத்தக் குறைப்பு ஏறக்குறைய 25தான் வரும். இஞ்சின் 1,000 சுற்றில் ஓடும்போதே வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நகரும், அதாவது விறுவிறுவென்று நடக்கிற வேகம். அதைவிட மெதுவாக ஊர்ந்தே தாண்ட வேண்டிய பாறைப் படிகள் இருந்தால், ஓட்டுநர் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டுதான் போவார். நான்காவது வண்டி தாண்டுவதற்குள் கிளட்ச் கருகும் வாசனை வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்குச் சுற்றுவழி இல்லையென்றால் பாதையையே மாற்றுங்கள்.

கையோடு டேப்பும் அளவு கீறிய ஒரு கம்பும் எடுத்துப்போங்கள். மிகக் குறுகிய இடத்தின் அகலம், தண்ணீரின் ஆழம், அடித்தரை மணலா கல்லா சேறா, வண்டியைத் திருப்பக்கூடிய இடங்கள், பழுதான வண்டியை ஓரங்கட்டக்கூடிய இடங்கள், மீட்பு லாரி வந்து சேரக்கூடிய சாலைச் சந்திப்புகள் ஆகியவற்றைக் குறியுங்கள். கைபேசி எடுக்காத பகுதிகளைத் தனியே குறியுங்கள். நில உரிமையாளரிடமோ வனத்துறையிடமோ அனுமதி எழுத்தில் இருக்கட்டும். அனுமதியில் தேதியும் வண்டி எண்ணிக்கையும் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு நாளைக்குக் கரடுமுரடான பாதை 25 முதல் 40 கி.மீ. போதும். ஒரு குழுவில் எட்டு வண்டிக்கு மேல் வேண்டாம். ஒரு தடையைத் தாண்ட ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் என்றால் எட்டுக்கு நாற்பது நிமிடம். பதினைந்து வண்டி என்றால், முதல் வண்டிக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் காத்திருப்பார்.

பதிவுப் படிவத்தில் என்ன கேட்க வேண்டும்

பெயர், வண்டி எண், அவசரத் தொடர்பு இவை வழக்கமானவை. இவற்றோடு கேட்டே தீர வேண்டியவை: பேட்டரி 6 வோல்ட்டா, 12ஆ, 24ஆ; எந்த முனை எர்த் (வண்டியின் உடலோடு இணைத்தது); டயர் அளவு, டியூப் உண்டா; ரிம் ஒரே துண்டா, இரு துண்டா; டேங்க் நிறைய எரிபொருள் போட்டால் எத்தனை கி.மீ. ஓடும், முன்னும் பின்னும் கட்டி இழுக்கும் கொக்கி சேஸிஸில் பூட்டியதா, பம்பரில் பூட்டியதா. பதில்களைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி முன்கண்ணாடியின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள்.

பேட்டரி விவரத்துக்கு இவ்வளவு அழுத்தம் ஏன்? வில்லிஸ் எம்பி 6 வோல்ட், எதிர்முனை எர்த். 1960களின் பிற்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்கள் 12 வோல்ட், நேர்முனை எர்த். ராணுவத்துக்காகச் செய்த பல வண்டிகள் 24 வோல்ட். இவை மூன்றும் ஒரே மைதானத்தில் நிற்கும். பேட்டரி இறங்கிய வண்டிக்கு உதவுகிறேன் என்று ஒருவர் கேபிளோடு ஓடி வருவார். எர்த் மாறிய இரண்டு வண்டிகளை நேருக்கு நேர், எதிருக்கு எதிர் என்று சரியாகவே இணைத்திருந்தாலும், இரண்டின் பம்பர்களும் உரசினால் போதும், நேரடி ஷார்ட். கேபிள் சிவந்து உருகும். இந்த வம்பே வேண்டாம் என்றால், ஏற்பாட்டாளர்கள் தனியாக ஒரு 6 வோல்ட் பேட்டரியும் ஒரு 12 வோல்ட் பேட்டரியும் கையில் வைத்திருங்கள். எந்த வண்டியிலும் பூட்டாத தனிப் பேட்டரியிலிருந்து உயிர் கொடுப்பதே பாதுகாப்பு. 6 வோல்ட்டுக்குத் தடித்த கேபிள் வேண்டும். வோல்டேஜ் பாதியானால், அதே வேலைக்கு ஆம்பியர் இரட்டிப்பாகும். மெல்லிய கேபிளில் ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டுதான் சுற்றும்.

பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்து, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை என்றால் ஹேண்டில் இருக்கிறது. கியர் நியூட்ரலில், சக்கரங்களுக்குக் கட்டை. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள், கைப்பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. அழுத்தம் தெரியும் வரை மெதுவாகச் சுற்றி, பிறகு கீழிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. மேலிருந்து கீழே அமுக்காதீர்கள். இஞ்சின் திருப்பி உதைத்தால், மேல்நோக்கி இழுக்கும் கையிலிருந்து ஹேண்டில் தானாக விடுபடும். கீழே அமுக்கும் கையில் மணிக்கட்டு எலும்பு முறியும்.

முந்தைய நாள் சோதனை

இதில் மட்டும் தாட்சண்யம் கூடாது. ஒரு வண்டிக்கு இருபது நிமிடம், இரண்டு பேர். தேறாத வண்டி மைதானத்தில் காட்சிக்கு நிற்கலாம், பாதைக்கு வரக் கூடாது. இதைப் பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு மனக்கசப்பு வராது.

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைச் சுற்று பிரேக்தான். ஒரே ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பெடலை மிதித்து, ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். வெளியே கசிவே இல்லாமல் பெடல் மெதுவாக இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது என்று பொருள். இரண்டு மூன்று தடவை அடித்தால் பெடல் மேலே வருகிறதா? அது பெரும்பாலும் ஷூ அட்ஜஸ்ட்மென்ட். பிறகு நான்கு சக்கரத்தின் உட்புறத் தட்டையும் பாருங்கள். ஈரக் கோடு இருந்தால் விரலால் தொட்டு முகருங்கள். தடித்து, கந்தக வாடை அடித்தால் ஆக்சில் ஆயில், ஹவுசிங் சீல் போயிருக்கிறது. நீர்த்து, பெயின்ட்டை உரித்திருந்தால் பிரேக் ஆயில். இரண்டில் எதுவானாலும் ஷூ நனைந்திருக்கும், அந்தச் சக்கரம் பிடிக்காது, வண்டி மறுபக்கம் இழுக்கும். ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. பத்து நிமிடம் ஓட்டியபின் டிரம்களைத் தொட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் கொதித்தால் அந்த ஹோஸைச் சந்தேகப்படுங்கள்.

ஹேண்ட் பிரேக் பற்றிப் புதியவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வில்லிஸிலும் சீரீஸ் லேண்ட் ரோவரிலும் (லேண்ட் ரோவரின் தொடக்க காலத் தலைமுறைகள்) ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் ஒரு டிரம்மில் இருக்கிறது. அது பிடிப்பது புரொப்பெல்லர் ஷாஃப்டை. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றிக்கொள்ளும், தரையில் இருக்கும் மற்றது உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து விழும். பின் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தாலும் இதே கதை. அதனால் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு மரக்கட்டை இல்லாமல் பாதைக்கு அனுப்பாதீர்கள்.

ஸ்டியரிங்கில், முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை வளையத்தைத் திருப்புங்கள். வளையத்தின் விளிம்பில் 5 செ.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் பாதைக்கு வேண்டாம். ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் அசைக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் பார்க்கட்டும். வில்லிஸில் நடுவில் நின்று ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்க்தான் முதலில் தேயும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி). கிங்பின் தளர்ந்த வண்டி தார்ச்சாலையில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடிக்கத் தொடங்கும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அது அடங்கும்.

சக்கர நட்டுகளுக்கு வருவோம். வில்லிஸ் எம்பியிலும் பழைய சிஜேக்களிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாதவர் ஸ்பேனரைப் போட்டு, கழற்றுவதாக நினைத்து ஏறி மிதித்து, ஸ்டட்டை முறித்துவிடுவார். முன்கண்ணாடி அட்டையில் இதையும் எழுதுங்கள். அதைவிட ஆபத்தானது ராணுவ ஜீப்பின் இரு துண்டு ரிம். சக்கரத்தைக் கழற்றும் ஐந்து நட்டுகள் உள்வட்டத்தில், ரிம்மின் இரு பாதிகளையும் பிணைக்கும் நட்டுகள் வெளிவட்டத்தில். காற்று இருக்கும்போது வெளிவட்ட நட்டுகளைத் தொடவே கூடாது. தொட்டால் ரிம் பிளந்து பறக்கும், எதிரில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அந்த நட்டுகளுக்கு சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவது நல்ல வழக்கம். பஞ்சர் பார்க்கும்போது வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கியபின், வால்வுக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பிரிக்க வேண்டும்.

சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறி மெலிந்த இடம் அல்லது பெயின்ட்டுக்கு அடியில் பூசி மறைத்த இடம் மந்தமாகச் சத்தம் தரும். லேண்ட் ரோவரின் உடல் அலுமினியம் என்பதால் வெளியே பளபளப்பாகவே இருக்கும். அடியில் பின் குறுக்குச் சட்டமும் பக்கவாட்டுத் தாங்கிகளும் ஓட்டையாகியிருக்கும். அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், அதையும் பாருங்கள். சிஜே வகைகளில் ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடத்தில் விரிசல் வருவது வழக்கம். அந்த இடத்தை பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள், சேறு விரிசலை மறைக்கும். பட்டை ஸ்பிரிங்குகளின் யூ போல்ட் இறுக்கம், நடு போல்ட் முறிந்திருக்கிறதா என்பதும் முக்கியம். இரு பக்கமும் முன்சக்கர ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுப்பகுதி) பின்சக்கர ஹப் வரை டேப் பிடித்து அளந்தால், ஆக்சில் நகர்ந்திருப்பது உடனே தெரிந்துவிடும்.

எரிபொருள்: எம்பியில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. இருக்கையைத் தூக்கி முகருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து உரிக்கும், அந்தத் துணுக்கு கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். ஹோஸ் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் புது வகையாக மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் கைக்கு எட்டும் இடத்தில் 2 கிலோ பவுடர் தீயணைப்பான் வேண்டும். பானெட்டுக்கு உள்ளே வைத்தால் தீ பிடிக்கும்போது எடுக்க முடியாது.

கியர் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. கியர்பாக்ஸில் ஜிஎல்-4 தர ஆயில் ஊற்றுங்கள். ஜிஎல்-5 வழுக்கல் அதிகமுள்ளது, கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் பிடிக்க நேரமாகி கியர் உறுமும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 சரி.

பொதுச் சாமான் வண்டி

ஒவ்வொருவரும் தன் வண்டிக்கான இக்னிஷன் பாயிண்ட், கன்டென்ஸர், ரோட்டர், ஃபேன் பெல்ட் ஒன்று வீதம் கொண்டுவரட்டும். பாயிண்ட் இடைவெளி எம்பிக்கு 0.020 அங்குலம், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள லேண்ட் ரோவருக்கு 0.014 முதல் 0.016. ஃபீலர் கேஜ் ஒன்று பொதுவில் இருந்தால் போதும். பொது வண்டியில் இருக்க வேண்டியவை: எரிபொருள் ஹோஸ் 2 மீட்டர், கிளிப்புகள் பத்து, பிரேக் ஆயில் சீல் உடைக்காத டப்பா இரண்டு, இஞ்சின் ஆயில் 5 லிட்டர், கியர் ஆயில் 4 லிட்டர், ரேடியேட்டருக்கு 20 லிட்டர் தண்ணீர், 6 வோல்ட் பல்புகளும் 12 வோல்ட் பல்புகளும் தனித்தனிப் பெட்டியில், கட்டுக்கம்பி ஒரு சுருள், ராட்செட் பட்டி நான்கு, 10 செ.மீ. தடிமன் மரக்கட்டைகள் ஆறு. மெயின் பட்டை ஒடிந்தால், ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டையை வைத்துச் சங்கிலியால் இறுக்கிக் கட்டி, ஆள் நடக்கும் வேகத்தில் சாலை வரை கொண்டுவந்துவிடலாம்.

சீரீஸ் லேண்ட் ரோவர் இரண்டுக்கு மேல் வந்தால் பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒரு ஜோடி தேவை. ஒரு சக்கரம் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போது முடுக்கியை விடாமல் இருந்து, அது திடீரென்று தரையைப் பிடித்தால் ஷாஃப்ட் முறுகி உடையும். உதிரி இல்லையென்றாலும் வழி உண்டு. உடைந்த துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, முன்சக்கர இழுப்பிலேயே வீடு வரலாம். சக்கரத்தின் பாரத்தை ஹவுசிங் தாங்குகிற ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில்களில் மட்டும்தான் இது நடக்கும். பிந்தைய சிஜேக்களின் பின் ஆக்சிலில் சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்தே நிற்கிறது. அங்கே ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமே கழன்று வெளியே வரும், நகர்த்தவே கூடாது.

வரிசையில் ஓடும்போது

முதல் வண்டியில் பாதை தெரிந்தவர், கடைசி வண்டியில் மெக்கானிக்கும் பொதுச் சாமானும். மிக மெதுவான வண்டி இரண்டாவது இடத்தில் இருக்கட்டும், அப்போது முதல் வண்டி தானாகவே அதன் வேகத்துக்கு வந்துவிடும். மற்ற விதி ஒன்றே ஒன்று: உங்களுக்குப் பின்னால் வரும் வண்டி உங்கள் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியாவிட்டால் நில்லுங்கள். நீங்கள் நின்றால் முன்னால் போகிறவரும் நிற்பார், இப்படியே செய்தி முதல் வண்டி வரை போய்விடும். வாக்கி டாக்கி பேட்டரி தீர்ந்தாலும் இந்த விதி வேலை செய்யும்.

நான்கு சக்கர இயக்கம் மண்ணுக்குத்தான். இந்தப் பழைய வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் சறுக்கி அதைச் சரிக்கட்டும், காய்ந்த தாரில் சறுக்க முடியாது. முறுக்கம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கல்லாகும், டிரான்ஸ்ஃபர் லீவர் எடுக்க வராது. எடுக்க வரவில்லை என்றால் லீவரை அடித்து இழுக்காதீர்கள். நேராகப் பின்னோக்கிச் சில மீட்டர் போனால் முறுக்கம் விட்டு லீவர் தானே வழுக்கி வரும். முன்சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டிகளில் பாதை தொடங்கும் முன் இரண்டு ஹப்பும் பூட்டியாயிற்றா என்று கடைசி வண்டிக்காரர் நடந்து பார்க்கட்டும். ஒன்று மட்டும் பூட்டியிருந்தால் முன் ஆக்சில் இழுக்காது.

இறக்கத்தில் கியரை முன்பே போட்டுவிட வேண்டும். எம்பியின் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. பாதி இறக்கத்தில் போடப் பார்த்தால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் உருளும், மிஞ்சுவது ஒற்றைச் சுற்று பிரேக் ஒன்றுதான். உச்சியில் முழுக்க நிறுத்தி, லோவில் முதல் கியர் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

ஏற்றம் முடிந்து பெட்ரோல் வண்டியை உடனே அணைத்தால், பம்ப்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் இஞ்சின் சூட்டில் கொதித்து ஆவியாகும். பம்ப் ஆவியை இழுக்கும், பெட்ரோலை இழுக்காது. இஞ்சின் சுற்றும், பிடிக்காது. இரண்டு நிமிடம் கொஞ்சம் உயர்ந்த ஐடிலில் ஓடவிட்டு அணைப்பது நல்லது. பிறகு பானெட்டைத் திறந்து வைத்து, மூக்கைக் காற்றடிக்கும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். கொதித்துவிட்டால் ஈரத்துணியைப் பம்ப்பின்மேல் சுற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஸ்டார்ட்டரை விடாமல் அடித்தால் பேட்டரிதான் இறங்கும். டைனமோ உள்ள வண்டி ஐடிலில் சார்ஜ் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். லோ கியரில் விளக்குப் போட்டு ஊர்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஸ்டார்ட்டர் சோர்ந்துவிடும். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லா வண்டியும் பாதையை விட்டு வெளியேறும்படி நேரம் வையுங்கள்.

டியூப் டயரில் காற்றைக் குறைக்கும்போது 15 பிஎஸ்ஐக்குக் கீழே போகாதீர்கள். டயர் ரிம்மில் வழுக்கும், டியூப் அதோடு நகரும், வால்வு ரிம் துளையில் சிக்கி வேரோடு அறுந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பதைக் கண்டால் அதுதான் முதல் அறிகுறி. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடிக்க ஒரு கம்ப்ரஸர் வேண்டும்.

சிக்கிய வண்டியை எடுப்பது

முதலில் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணையும் ஆக்சிலுக்கு அடியில் முட்டும் மேட்டையும் வெட்டி எடுத்து, காற்றைக் குறைத்து, கல்லோ பலகையோ கொடுத்தால் பாதி வண்டிகள் இழுக்காமலேயே வெளியே வந்துவிடும். புது வண்டிகளுக்குப் பயன்படுத்தும், நீண்டு சுருங்கும் கைனடிக் கயிற்றைப் பழைய சேஸிஸில் போட்டு ஓடிவந்து இழுப்பதை நாங்கள் ஏற்பதில்லை. எழுபது வருட இரும்பும் பழைய ரிவெட்டும் அந்த அதிர்ச்சியைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வின்ச்சால் மெதுவாக இழுங்கள். பாரம் அதிகம் என்றால் கப்பி போட்டுக் கயிற்றை இரட்டையாக்குங்கள், இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும்.

மீட்பு ஷேக்கிளில் (கயிற்றை மாட்டும் யூ வடிவ இரும்பு இணைப்பு) தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். 19 மி.மீ. தடிமன், 4.75 டன் வகை இந்த வண்டிகளுக்குத் தாராளம். பம்பரிலோ, பட்டை ஷேக்கிளிலோ, ஆக்சிலோடு ஓடும் பிரேக் குழாய்க்குப் பக்கத்திலோ கொக்கி போடக் கூடாது. டோ பால் எனப்படும் உருண்டையில் கயிறு மாட்டவே கூடாது, முறிந்தால் அது குண்டு போலப் பாயும். வின்ச் டிரம்மில் இரும்புக் கயிறு என்றால் ஐந்து சுற்றாவது மிஞ்சியிருக்க வேண்டும். கயிற்றின் நடுவே கனமான சாக்கையோ மேலங்கியையோ போடுங்கள். பார்ப்பவர்கள் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். சைகை கொடுப்பவர் ஒரே ஒருவர். "நில்" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

மைதானத்தில்

வண்டிக்கு வண்டி 3 மீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆயில் தட்டு, பேட்டரி முனை கழற்றியிருக்க வேண்டும், வரிசைக்குள் எரிபொருள் ஊற்றக் கூடாது. பார்க்க வருகிறவர்களுக்கு நுணுக்கம் காட்டுங்கள், அதில்தான் அவர்கள் மயங்குவார்கள். வில்லிஸ் எம்பியையும் அதே ஜீப்பை ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூவையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க, ரேடியேட்டருக்கு அடியில் குனிந்து முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், கவிழ்த்த யூ வடிவத் தகடு என்றால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலைகளிலும் எஃப் எழுத்தைப் பொறித்திருக்கும். முதல் லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வெளியானது. அந்தத் தொடக்க கால வண்டிகளில் முன்விளக்குகள் கம்பி வலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

தண்ணீர் கடக்கும் இடமும், அதற்குப் பிறகும்

தயார்ப்படுத்தாத வண்டிக்கு 45 செ.மீ. ஆழம்தான் எங்கள் எல்லை. ஒருவர் கம்போடு நடந்து பார்க்காமல் எந்த வண்டியும் இறங்கக் கூடாது. ஓடி வந்து சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கரையில் பத்து நிமிடம் ஆறவிட்டு, ஹவுசிங்கின் மேலுள்ள காற்றுத் துளையில் சேறு அடைத்திருந்தால் குத்திவிட்டு இறங்குங்கள். ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடிக்கும். ஆழம் அதிகம் என்றால் பெல்ட்டைக் கழற்றிக் கடந்து, கரையேறியதும் மாட்டுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் ஓரிரு நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டக் கூடாது. நடுத்தண்ணீரில் இஞ்சின் நின்று, காற்று வடிகட்டி வரை தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். வண்டியை இழுத்துக் கரையேற்றி, பிளக்குகளைக் கழற்றி, ஹேண்டிலால் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். டீசல் என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டும்.

கரையேறியதும் முதல் நூறு மீட்டர் இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். டிரம்முக்குள் தேங்கிய தண்ணீர் சூட்டில் காய்ந்தால்தான் ஷூ பிடிக்கும். சீரீஸ் லேண்ட் ரோவரில் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் அடியில் தண்ணீருக்காக மாட்டிய பிளக்கை அன்று மாலையே கழற்ற வேண்டும். மறந்தால் கசியும் ஆயில் வெளியேற வழியின்றித் தேங்கி, கிளட்ச் தட்டை நனைத்துவிடும்.

மறுநாள் காலை, வண்டிகள் ஊர் திரும்பும் முன், இரவு முழுக்க ஓடாமல் நின்ற டிஃபரன்ஷியல்களின் வடிகால் போல்ட்டை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும், முதல் சொட்டுகளாக அதுதான் வெளியே வரும். ஆயிலே வந்தால் இறுக்கிவிடலாம். பால் கலந்தது போல் வெளிறி வந்தால் அங்கேயே முழுக்க வடித்துப் புது ஆயில் ஊற்றி அனுப்புங்கள். முன்சக்கர பேரிங்குகளைப் பிரித்துப் புது க்ரீஸ் வைப்பதை ஒரு வாரத்துக்குள் முடிக்கச் சொல்லி, ஒவ்வொருவருடைய முன்கண்ணாடி அட்டையின் பின்புறத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.